பழைய டிஜிட்டல் டைவ் வாட்ச்: பயன்பாடும் பராமரிப்பும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இந்தப் பக்கம் எந்த வாட்சுகளைப் பற்றியது?

1980களின் தொடக்கத்திலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை வந்த, தண்ணீருக்குள் கட்டிக்கொண்டு போவதற்கென்று விற்கப்பட்ட டிஜிட்டல் வாட்சுகள். கேசியோவின் டிடபிள்யூ-5000சி (1983), டிடபிள்யூ-5600சி (1987), முதல் ஃப்ராக்மேனான டிடபிள்யூ-6300 (1993) ஆகியவற்றை மனத்தில் வைத்துத்தான் பெரும்பாலான பதில்கள் எழுதப்பட்டுள்ளன. முள்ளும் எண்ணும் சேர்ந்த சீகோ எச்558, சிட்டிசன் அக்வாலேண்ட் போன்றவற்றுக்குத் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

முகப்பில் 200 மீட்டர் என்று போட்டிருக்கிறது. கட்டிக்கொண்டு கடலில் இறங்கலாமா?

வாங்கிய நிலையிலேயே இறங்கக் கூடாது. அந்த எண் வாட்ச் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் அதற்கு இருந்த திறனைச் சொல்கிறது. தண்ணீரைத் தடுப்பது எஃகுக் கூடு மட்டுமல்ல. பின்மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையமும், ஒவ்வொரு பட்டனின் தண்டிலும் இருக்கும் பொடி வளையங்களும், கண்ணாடியைச் சுற்றியுள்ள கேஸ்கெட்டும் சேர்ந்துதான் தடுக்கின்றன. முப்பது ஆண்டு அழுத்தத்தில் இருந்த ரப்பர் தட்டையாகிவிடும், திரும்ப எழும்பாது. உள்ளே இருக்கும் மின்சுற்று இன்னும் இருபது ஆண்டு ஓடலாம். இந்த வாட்சுகளில் முதலில் சாவது ரப்பர்தான்.

வளையங்களை மாற்றி, அழுத்தச் சோதனையில் தேறிய வாட்சோடு டைவ் செய்யலாம். பின்மூடி வளையத்தை மட்டும் மாற்றி, சோதனை எதுவும் செய்யாத வாட்ச் என்றால் மழை, கை கழுவுதல், அதிகம் போனால் குளத்தில் மேலோட்டமான நீச்சல். ஒன்றுமே மாற்றாததைத் தண்ணீர் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

'வாட்டர் ரெசிஸ்ட் 200 மீட்டர்' என்பதும் 'டைவர்ஸ் 200 மீட்டர்' என்பதும் ஒன்றா?

இல்லை. 'டைவர்ஸ்' என்ற சொல் ஐஎஸ்ஓ 6425 என்ற தர விதியோடு கட்டுண்டது. அதன்படி குறிப்பிட்ட ஆழத்துக்குரிய அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடுதலாகக் கொடுத்து, இரண்டு மணி நேரம் வைத்துச் சோதிப்பார்கள். கடலில் 10 மீட்டருக்கு ஏறத்தாழ 1 பார் என்ற கணக்கில், 200 மீட்டர் வாட்சுக்கு 25 பார். இது தவிர 30 செ.மீ. ஆழத்தில் 50 மணி நேரம் ஊறவைத்தல், உப்பு நீர்ச் சோதனை, 40 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் மாற்றி மாற்றி முக்கி எடுத்தல் எல்லாம் உண்டு. இருட்டில் 25 செ.மீ. தொலைவிலிருந்து நேரம் படிக்க முடிய வேண்டும் என்பதும் விதி.

டிடபிள்யூ-5600சி 200 மீட்டர் நீர்த்தடை கொண்டது, ஆனால் அந்த விதிப்படியான டைவர்ஸ் வாட்ச் அல்ல. ஃப்ராக்மேன் அந்த விதிக்கு உட்பட்டது. நடைமுறையில், முப்பது ஆண்டு கழித்து இரண்டுக்கும் ஒரே நிலைமைதான்: வளையம் நன்றாக இருந்தால் இரண்டும் தாங்கும், இல்லையென்றால் இரண்டும் ஒழுகும்.

அழுத்தச் சோதனை எப்படி நடக்கிறது? சாதாரண வாட்ச் கடையில் செய்வார்களா?

இரண்டு முறைகள் உண்டு. உலர் சோதனையில் வாட்சை ஒரு சிறு அறைக்குள் வைத்து, காற்றழுத்தம் கொடுத்து, கூடு எவ்வளவு அமுங்குகிறது, அமுங்கியபடியே நிற்கிறதா என்று ஒரு நுண்ணுணரி அளக்கும். காற்று உள்ளே புகுந்தால் கூடு மெல்லப் பழைய வடிவுக்குத் திரும்பும். அதை வைத்துக் கசிவு இருப்பதை அறியலாம். தண்ணீரே தேவையில்லை என்பதால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

ஈரச் சோதனையில் ஒரு கண்ணாடிக் குடுவையில் பாதி தண்ணீர் இருக்கும். வாட்ச் தண்ணீருக்கு மேலே தொங்கும்போதே அழுத்தம் ஏற்றுவார்கள். சில நிமிடம் கழித்து வாட்சைத் தண்ணீருக்குள் இறக்கி, அழுத்தத்தை மெதுவாகக் குறைப்பார்கள். கசிவு இருந்தால் உள்ளே நுழைந்த காற்று குமிழிகளாக வெளியே வரும், எந்தப் பட்டனிலிருந்து வருகிறது என்பதுகூடத் தெரியும். குமிழி வரிசையாக வர ஆரம்பித்த நொடியே வாட்சைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட வேண்டும். அழுத்தம் முழுதும் இறங்கும்வரை உள்ளேயே விட்டால் வாட்சுக்குள் தண்ணீர் போய்விடும்.

தெருமுனைக் கடைகளில் பெரும்பாலும் இந்தக் கருவி இருக்காது. பெரிய பிராண்டுகளின் சேவை மையங்களிலும், விலையுயர்ந்த மெக்கானிக்கல் வாட்சுகளைப் பழுதுபார்க்கும் இடங்களிலும் இருக்கும். எத்தனை பார் வரை சோதித்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 5 பாரில் தேறியது என்றால் அது 200 மீட்டருக்கான சான்று அல்ல.

வீட்டில் ஏதாவது சோதனை செய்ய முடியுமா?

உள்ளே ஈரம் இருக்கிறதா என்பதை மட்டும் அறியலாம். வாட்சை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்கி (வெயிலில் வைத்த தட்டின் மேல் போதும்), கண்ணாடியின் நடுவில் ஒரு சொட்டு குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். கண்ணாடியின் உட்புறம் அந்த இடத்தில் பனிபோல மூடியிருந்தால் உள்ளே ஈரம் உண்டு. ஐஎஸ்ஓ விதியிலும் இதே சோதனை இருக்கிறது.

சூடான தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்லும் யோசனை ஒன்று சுற்றுகிறது. செய்யாதீர்கள். சூட்டில் காற்று விரிந்து வெளியேறும் என்பது உண்மைதான். ஆனால் குளிரும்போது அதே ஓட்டை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

எந்த பேட்டரி போடுவது?

பின்மூடியைத் திறந்தால் பேட்டரியைப் பிடித்திருக்கும் தகட்டிலோ அதன் பக்கத்திலோ எண் பொறித்திருக்கும். அதை மட்டும் நம்புங்கள். இந்த வகைக் கேசியோக்களில் 3 வோல்ட் லித்தியம் செல்கள்தான் வரும். எண்ணின் பொருள் எளிது: 2016 என்றால் 20 மி.மீ. விட்டம், 1.6 மி.மீ. தடிமன். 2320 என்றால் 23 மி.மீ. விட்டம், 2.0 மி.மீ. தடிமன். 2016-க்குப் பதில் 2025 போட்டால் 0.9 மி.மீ. கூடுதல். தகடு வளையும், சில சமயம் பின்மூடியே சரியாக அமராது.

எண்ணுக்கு முன்னால் பிஆர் என்று இருந்து, கடையில் சிஆர்தான் கிடைக்கிறது என்றால் அதே அளவு சிஆர் போடலாம். இரண்டும் 3 வோல்ட். உள்ளே இருக்கும் வேதிப்பொருள்தான் வேறு: பிஆர் வகை அதிக வெப்பத்தைத் தாங்கும், சும்மா கிடக்கும்போது குறைவாக வடியும்.

பழைய வாட்ச் எதிலாவது 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு செல் கேட்டால், அதே அளவுள்ள மலிவான ஆல்கலைன் பொத்தான் செல்லைப் போடாதீர்கள். அதன் மின்னழுத்தம் படிப்படியாகச் சரியும், கடைசியில் கசியும். விளக்கும் அலாரமும் உள்ள வாட்சுக்கு 'எஸ்டபிள்யூ' என்று முடியும் செல் வேண்டாம், 'டபிள்யூ' என்று முடிவதை வாங்குங்கள். பின்னது அதிக மின்னோட்டம் கொடுப்பதற்காகச் செய்தது.

பேட்டரி மாற்றும் முறை என்ன?

அவசரமில்லாத ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தேவையானவை: சரியான அளவு நட்சத்திர முனை ஸ்க்ரூட்ரைவர் (நான்கு திருகு மூடிக்கு) அல்லது திருகு மூடி திறக்கும் சாவி, பிளாஸ்டிக் முனை ட்வீசர், ஒரு உலோக ட்வீசர், சிலிக்கான் கிரீஸ், ஐசோபுரோபைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி, புது வளையம்.

1. திறப்பதற்கு முன் பழைய டூத் பிரஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு பின்மூடியின் ஓரத்தையும் பட்டன் குழிகளையும் தேய்த்துச் சுத்தம் செய்து, முழுதாகக் காயவிடுங்கள். திறந்த பிறகு உள்ளே விழும் ஒரு உப்புத் துகள் போதும், வளையத்தைக் கெடுக்க.

2. டிடபிள்யூ-5600சி போன்றவற்றில் பின்மூடி முழுதும் திருகி அமர்ந்திருக்கும். வாட்சைத் தாங்கியில் இறுக்கிப் பிடித்து, சாவியின் பற்கள் பள்ளங்களில் முழுதாக இறங்கியதை உறுதிசெய்த பிறகே திருப்புங்கள். வழுக்கினால் எஃகில் விழும் கீறல் போகாது. நான்கு திருகு மூடியென்றால் குறுக்காக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். திருகின் தலை தேய்ந்தால் வேலை மூன்று மடங்காகும்.

3. மூடியைத் தூக்கியதும் நிறுத்தி, கைப்பேசியில் படம் எடுங்கள். ரப்பர் மெத்தை எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, சின்னச் சுருள்கம்பி எங்கே நிற்கிறது என்பது பிறகு நினைவிருக்காது.

4. அந்தச் சுருள்கம்பி அலாரத்துக்கானது, பார்வைக்கு ஒரு முடித்துண்டுபோல இருக்கும். தும்மினால் பறந்துவிடும். ட்வீசரால் எடுத்து மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

5. பேட்டரித் தகட்டின் ஓரத்தில் ஒரு சிறு கொக்கி இருக்கும். ஊசிமுனையால் அதைத் தள்ளினால் தகடு எழும்பும். நெம்ப வேண்டாம்.

6. பழைய செல்லை எடுத்துவிட்டு, தொடும் புள்ளிகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். சில்வர் ஆக்சைடு அல்லது ஆல்கலைன் செல் கசிந்த காரப் படிவென்றால், முதலில் ஒரு துளி வினிகர், பிறகு ஆல்கஹால்.

7. புதுச் செல்லைப் பிளாஸ்டிக் ட்வீசரால் வையுங்கள். உலோக ட்வீசர் செல்லின் இரு முகத்தையும் சேர்த்துத் தொட்டால் அது குறுக்குச்சுற்றாகும்.

8. இப்போது மீட்டமைப்பு. மாட்யூலின் (மின்சுற்றும் திரையும் சேர்ந்த உள்பாகத்தின்) மேல் 'ஏசி' என்று ஆங்கிலத்தில் பொறித்த ஒரு புள்ளி இருக்கும். உலோக ட்வீசரின் ஒரு முனையை அதிலும் மறு முனையைச் செல்லின் நேர்முகத்திலும் வைத்து இரண்டு விநாடி தொடுங்கள். திரை மறைந்து, எல்லாம் தொடக்க நிலைக்கு வரும்.

9. மூடும் முன்பே எல்லா பட்டன்களையும், விளக்கையும், ஸ்டாப்வாட்சையும் ஓட்டிப் பாருங்கள்.

10. வளையத்தை வைத்து மூடுங்கள் (அடுத்தடுத்த கேள்விகளைப் பாருங்கள்).

பேட்டரி மாற்றியதும் திரையில் ஒன்றும் வரவில்லை, அல்லது தாறுமாறாக வருகிறது. மாட்யூல் போய்விட்டதா?

பத்தில் எட்டு முறை 'ஏசி' புள்ளியைத் தொடாமல் விட்டதுதான் காரணம். தொட்டும் வரவில்லையென்றால், தகட்டின் கொக்கி முழுதாகப் பிடிக்கவில்லையா, செல்லுக்கு அடியில் இருக்கும் எதிர்முனை நாக்கு அமுங்கிப்போயிருக்கிறதா என்று பாருங்கள். மெல்ல அரை மி.மீ. தூக்கிவிட்டால் போதும். புதுச் செல் என்று வாங்கியது பல ஆண்டு கடையில் கிடந்ததாகவும் இருக்கலாம். மல்டிமீட்டரில் 3 வோல்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும்.

எல்லாம் ஓடுகிறது, அலாரம் மட்டும் ஒலிக்கவில்லை.

சுருள்கம்பி இல்லை, அல்லது சாய்ந்து நிற்கிறது. ஒலியெழுப்பும் பீசோ தட்டு மாட்யூலில் இல்லை, பின்மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. மாட்யூலிலிருந்து அதற்கு மின்சாரம் கொண்டுபோவது அந்தக் கம்பிதான். ஆகவே பின்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒலியைச் சோதிக்க முடியாது. ரப்பர் மெத்தையைத் திருப்பிப் போட்டிருந்தால் அதிலுள்ள துளை கம்பியோடு பொருந்தாமல் போகும், அதுவும் வழக்கமான தவறு.

வளையத்தை எப்படித் தேர்வது, கிரீஸ் எவ்வளவு?

அசல் உதிரி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் நைட்ரைல் ரப்பரில் அளவெடுத்து வாங்கலாம். பழைய வளையத்தின் விட்டத்தை அளக்காதீர்கள், அது நீண்டிருக்கும். கூட்டிலுள்ள பள்ளத்தின் உள்விட்டத்தையும் அகலத்தையும் ஆழத்தையும் வெர்னியர் காலிப்பரால் அளங்கள். வளையத்தின் தடிமன் பள்ளத்தின் ஆழத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால்தான் மூடி அதை நசுக்கும். தடிமன் மிகக் கூடினால் மூடி திருகும்போது வளையம் வெளியே பிதுங்கி அறுபடும். திருகு மூடிகளில் இது அடிக்கடி நடக்கிறது.

கிரீஸ் தடுப்புச் சுவர் அல்ல. ரப்பர் வறளாமல், மூடி திரும்பும்போது முறுக்கிக்கொள்ளாமல் இருக்கத்தான் அது. வளையம் பளபளக்கும் அளவுக்கு மேல் ஒட்டியிருந்தால் அதிகம். சீகோ எஸ்-916 போன்ற சிலிக்கான் கிரீஸ் டப்பாவில் நனைந்த இரு பஞ்சுத் திண்டுகள் இருக்கும். நடுவில் வளையத்தை வைத்து அழுத்தித் திருப்பினால் சரியான அளவு ஒட்டும். வாசலின் வேண்டாம்: வெயிலில் உருகி மாட்யூலுக்குள் இறங்கும், சில வகை ரப்பரை ஊதவைக்கும்.

மூடும் இடத்தையும் பாருங்கள். 30 டிகிரி வெப்பம், 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள அறையில் மூடினால், உள்ளே சிறைப்படும் காற்று 26 டிகிரிக்கே பனிக்கத் தொடங்கும். கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினாலே கண்ணாடி மங்கும், கசிவே இல்லாவிட்டாலும். குளிர்சாதன அறையில், 24 டிகிரி, 50 விழுக்காடு ஈரப்பதத்தில் மூடினால் அந்த எல்லை 13 டிகிரிக்கு இறங்கிவிடும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் இருப்பவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

பட்டன் ஒன்று அமுங்கினால் எழும்பவில்லை.

உப்பும் வியர்வை அழுக்கும் இறுகியிருக்கும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் நனைத்த பஞ்சால் பட்டனைச் சுற்றி ஊறவைத்துத் துடையுங்கள். கசிவு இருக்குமோ என்ற ஐயம் இருந்தால் மாட்யூலை வெளியே எடுத்துவிட்டு வெறும் கூட்டை ஊறவையுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் பட்டனைக் கழற்ற வேண்டும். உள்பக்கம் தண்டின் பள்ளத்தில் ஒரு சிறு கிளிப் பிடித்திருக்கும், அதை நீக்கினால் தண்டும் சுருள்வில்லும் வெளியே வரும். வளையம் வெடித்தோ தட்டையாகவோ இருந்தால் மாற்றுங்கள். டபிள்யூடி-40 தெளிக்க வேண்டாம். அது வளையத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் கேடு, மசகாகவும் நிற்காது.

பின்மூடி வளையத்தை மாற்றிவிட்டு பட்டன்களைத் தொடாமல் விடுபவர்கள்தான் அதிகம். பின்மூடி அசையாமல் கிடக்கிறது, பட்டனோ ஆயிரக்கணக்கான முறை உள்ளே வெளியே போய்வந்திருக்கிறது. அதிகம் தேய்ந்த வளையம் எது என்று சொல்லத் தேவையில்லை.

கடல் நீர் உள்ளே போய்விட்டது. என்ன செய்வது?

முதல் மணி நேரமே முக்கியம். உடனே திறந்து பேட்டரியை எடுங்கள். பேட்டரி உள்ளவரை உப்பு நீரில் மின்னரிப்பு ஓடிக்கொண்டே இருக்கும், செப்புத் தடங்கள் பச்சையாகிக் கரையும். மாட்யூலை வெளியே எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் மெல்ல அலசி, பிறகு 99 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் அலசுங்கள். திரையின் விளிம்பில் ஆல்கஹால் தேங்க விடாதீர்கள், மேலே ஒட்டியிருக்கும் துருவமாக்கிப் படலத்தின் பசையை அது இளக்கும். ஒரு நாள் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் வையுங்கள். அரிசியில் புதைப்பதால் பயனில்லை, தூசியும் மாவும்தான் மிஞ்சும்.

வெறும் பனிமூட்டம் மட்டும், அதுவும் நல்ல தண்ணீரால் என்றால், திறந்து காயவைத்து வளையங்களை மாற்றினால் போதும். பனி தானாக மறைந்துவிட்டது என்று விட்டுவிடுவது சரியல்ல. மறைந்த ஈரம் உள்ளேயேதான் இருக்கிறது.

எண்களில் சில கோடுகள் தெரியவில்லை. திரை மங்கலாகவும் இருக்கிறது.

மூன்று வேறு கோளாறுகளை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும்.

சில கோடுகள் மட்டும் வராமல், அழுத்தினால் வந்து போனால், மாட்யூலையும் திரையையும் இணைக்கும் வரிக்குதிரைப் பட்டை எனப்படும் ரப்பர் இணைப்பியில் அழுக்கு. கறுப்பும் வெள்ளையுமாக அடுக்கிய அந்தப் பட்டையையும், அது தொடும் இரு முகங்களையும் ஆல்கஹாலால் துடைத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

திரை முழுதும் மஞ்சளித்தோ, ஓரத்திலிருந்து மங்கியோ வந்தால் துருவமாக்கிப் படலம் கெட்டிருக்கிறது. பழைய படலத்தை உரித்து, பசையை நீக்கி, அதே கோணத்தில் புதுப் படலம் வெட்டி ஒட்டலாம். கோணம் 90 டிகிரி மாறினால் கறுப்பில் வெள்ளை எண்கள் தெரியும். அதை வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு, பழைய வாட்சுக்கு அது அழகல்ல என்பது எங்கள் கருத்து.

மை கொட்டியதுபோல் கறுப்புத் திட்டு இருந்தால் திரையின் கண்ணாடி விரிசல் விட்டு திரவப் படிகம் கசிந்துவிட்டது. அதற்கு மருந்தில்லை. அதே எண்ணுள்ள வேறு மாட்யூலிலிருந்து திரையை மாற்றுவதுதான் வழி.

கடும் வெயிலில் திரை முழுதும் கறுத்தால் பயப்பட வேண்டாம். நிழலில் வைத்தால் தெளியும். காரின் டாஷ்போர்டில் விட்டுவிட்டுப் போவதை மட்டும் நிறுத்துங்கள்.

விளக்குப் பட்டனை அமுக்கினால் எண்கள் மறைந்துவிடுகின்றன.

பேட்டரி முடியப் போகிறது. 1994-க்கு முந்தைய ஜி-ஷாக்குகளில் (மேலே சொன்ன கேசியோக்கள் சேர்ந்த வரிசை) இருப்பது ஓரத்தில் ஒளிரும் சின்ன இழை பல்பு, அது அதிக மின்னோட்டம் இழுக்கும். வலுவிழந்த செல்லின் மின்னழுத்தம் அந்த நொடியில் சரிந்து திரை அணைகிறது. நல்ல செல்லிலும் அந்த பல்பு திரையின் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும், அது கோளாறு அல்ல. பின்னால் வந்த, திரை முழுதும் நீலப்பச்சையாக ஒளிரும் படலம் வேறு வகை. அது எரியும்போது மெல்லிய ரீங்காரம் கேட்கும், எரிந்த நேரத்துக்கேற்ப மங்கிக்கொண்டே போகும்.

நேரம் மாதத்துக்கு அரை நிமிடம் தவறுகிறது. திருத்த முடியுமா?

மாதத்துக்கு 15 விநாடி முன்பின் என்பது இந்தக் காலத்து மாட்யூல்களுக்கு வழக்கமான வரம்பு. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏறத்தாழ 25 டிகிரியில் அது மிக வேகமாக ஓடும். அதிலிருந்து 10 டிகிரி கூடினாலும் குறைந்தாலும் மாதத்துக்கு ஏறக்குறைய 9 விநாடி பின்தங்கும். ஆகவே கையில் கட்டியிருக்கும்போது ஒரு கணக்கு, பெட்டியில் கிடக்கும்போது வேறு கணக்கு.

பல பழைய மாட்யூல்களில் வேகத்தைத் திருத்த, திருகுபோல் ஒரு சிறு டிரிம்மர் இருக்கும். பிளாஸ்டிக் அல்லது பீங்கான் முனையால் முடியளவு திருப்பி, ஒரு வாரம் கட்டிப் பார்த்து, மறுபடி திருப்புங்கள். எத்தனை பாகை திருப்பினீர்கள் என்று எழுதி வையுங்கள். அதற்காக மூடியை அடிக்கடி திறப்பது வளையத்துக்கு நல்லதல்ல, பேட்டரி மாற்றும் நேரத்தோடு சேர்த்துச் செய்யலாம்.

பிப்ரவரி 29 அன்று மார்ச் 1 காட்டுகிறது. வருடமும் 2026-க்கு வரவில்லை.

வருடமே கேட்காத மாட்யூல்களுக்குப் பிப்ரவரி எப்போதும் 28 நாள். லீப் ஆண்டில் கையால் மாற்ற வேண்டும். வருடம் கேட்கும் மாட்யூலில் நாட்காட்டி முடிந்துபோயிருந்தால், 28 கழித்த ஆண்டை வையுங்கள்: 2026-க்கு 1998, 2027-க்கு 1999. கிழமையும் தேதியும் அப்படியே பொருந்தும், லீப் ஆண்டு உட்பட.

விநாடியைச் சரிசெய்யும்போது ஒன்று கவனிக்க: 30 முதல் 59 வரை ஓடும்போது சுழியாக்கினால் நிமிடம் ஒன்று கூடும், 0 முதல் 29 வரை என்றால் கூடாது.

டைவ் செய்யும்போது இதை எதற்குப் பயன்படுத்துவது?

மாற்று நேரங்காட்டியாக மட்டும். இந்தக் கேசியோக்களுக்கு ஆழம் தெரியாது, உடலில் கரைந்த நைட்ரஜனைக் கணக்கிடத் தெரியாது. அந்த வேலை டைவ் கம்ப்யூட்டருக்கு. அது பழுதானால் எத்தனை நிமிடமாகக் கீழே இருக்கிறோம் என்பதை ஆழமானியோடு சேர்த்துப் பார்க்க இது உதவும்.

ஸ்டாப்வாட்சை மேற்பரப்பிலேயே, இறங்கும் முன் ஓடவிடுங்கள். நீருக்கடியில் எந்தப் பட்டனையும் அமுக்காதீர்கள். அமுக்கும்போது தண்டு உள்ளே போகும், அதோடு ஒட்டிய நீர்ப்படலமும் பழைய வளையத்தைத் தாண்டும். 5 மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்துக்கு, ஓடிக்கொண்டிருக்கும் எண்ணோடு மனத்தில் மூன்றைக் கூட்டிக்கொண்டால் போதும். கவுன்ட்டவுன் அலாரத்தை நம்ப வேண்டாம். ரப்பர் தலைக்கவசமும் குமிழிச் சத்தமும் அதை விழுங்கிவிடும்.

ஈர உடையின் மேல் கட்டினால் இறுக்கமாகக் கட்டுங்கள். ஆழத்தில் உடை அமுங்கி, வாட்ச் மணிக்கட்டில் சுழல ஆரம்பிக்கும்.

கடலிலிருந்து வந்ததும்?

பட்டனைத் தொடுவதற்கு முன் நல்ல தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவையுங்கள். உப்பு காய்ந்து படிகமானால் அடுத்த அமுக்கலில் அது வளையத்தை அறுக்கும். பிறகு துடைத்து நிழலில் காயவையுங்கள். வெந்நீர்க் குளியலுக்கும் நீராவி அறைக்கும் இதோடு போகக் கூடாது, சோப்பும் சூடும் ரப்பரைத் தளர்த்தும்.

ஸ்ட்ராப்பும் பெசலும் (முகத்தைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறை) பொடிப்பொடியாக உதிர்கின்றன. பாதுகாக்க வழியுண்டா?

தொடங்கிய பிறகு இல்லை. அவை பாலியூரித்தேன் பிசின். காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல அறுக்கும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு விரியும், பிறகு கையில் வரும். வெப்பமும் வியர்வையும் அதை விரைவாக்கும். கொசு விரட்டிகளில் உள்ள டீட் வேதிப்பொருள் பிளாஸ்டிக்கையே இளக்கும், அதைப் பூசிய கையில் கட்ட வேண்டாம். எண்ணெய் பூசுவது பளபளப்பைத் தரும், வலுவைத் தராது.

நல்ல நிலையில் இருக்கும் பழைய பெசலைக் கழற்ற வேண்டியிருந்தால், திருகுகளை எடுத்தபின் ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கி, இளகிய பிறகு ஒரு மூலையிலிருந்து உரியுங்கள். குளிர்ந்த நிலையில் இழுத்தால் மூலையில் ஒடியும். மாற்றுப் பெசல் வாங்கும்போது, இன்று கிடைக்கும் டிடபிள்யூ-5600ஈ-க்கானது பழைய 5600சி-க்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முகம் ஒன்றுபோல் இருந்தாலும் திருகு மூடிக் கூட்டின் அமைப்பு வேறு.

எங்கள் பரிந்துரை: அசல் பெசலையும் ஸ்ட்ராப்பையும் எடுத்து, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவிட்டு, மாற்று உதிரியோடு தினமும் கட்டுங்கள். ஸ்ட்ராப்பைக் கூட்டோடு பிடித்திருக்கும் ஸ்பிரிங் பார்களை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். துருப்பிடித்த ஒன்று உடைந்தால் வாட்ச் கடலடியில்.

சீகோ எச்558, சிட்டிசன் அக்வாலேண்ட் பற்றி?

1982-இல் வந்த சீகோ எச்558, முள்ளும் எண்ணும் ஒன்றாக இருக்கும் 150 மீட்டர் டைவர்ஸ் வாட்ச். முள்ளை ஓட்டுவது ஒரு சிறு மோட்டார், ஆகவே ஸ்பீக்கர், கைப்பை போன்றவற்றின் காந்தம் அதை நிறுத்தக்கூடும். முழு டிஜிட்டலுக்கு அந்தத் தொல்லை இல்லை. முள் காட்டும் நேரமும் எண் காட்டும் நேரமும் தனித்தனியாகச் சரிசெய்யப்பட வேண்டியவை. சரிசெய்த பிறகு கிரவுனை (பக்கத்திலுள்ள திருகுக் குமிழை) முழுதும் உள்ளே தள்ளியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

1985-இல் வந்த அக்வாலேண்டின் இடப்பக்கம் புடைத்திருப்பது ஆழம் அளக்கும் அழுத்த உணரி. அதன் துளைகளில் உப்பு அடைத்தால் ஊறவைத்துத்தான் கரைக்க வேண்டும். ஊசியால் குத்தினால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழியும், அதோடு நீர்த்தடையும் போகும். அது காட்டும் ஆழத்தை நம்புவதற்கு முன் சரிபார்த்த வேறொரு ஆழமானியோடு ஒப்பிடுங்கள்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள் மூன்று: விளக்கு எரியும்போது முகம், பின்மூடி, பின்மூடி திறந்த மாட்யூல். கேசியோ பின்மூடியில் ஒரு சிறு கட்டத்துக்குள் மாட்யூல் எண் இருக்கும். டிடபிள்யூ-5000சி என்றால் 240. உள்ளே இருக்கும் மாட்யூலிலும் அதே எண் இருக்க வேண்டும். வேறாக இருந்தால் இரண்டு வாட்சைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

திரை நன்றாக, பட்டன்கள் எழும்பி, பெசல் உடைந்த வாட்சை வாங்கலாம். பெசல் பளபளவென்று, திரை மங்கிய வாட்சை வாங்காதீர்கள். 'பேட்டரி மட்டும் போட வேண்டும்' என்று எழுதியிருந்தால், அது ஓடாத வாட்ச் என்று கொண்டு விலை பேசுங்கள். செல்லின் விலை ஒரு தேநீர்ச் செலவுதான், போட்டுக் காட்டுவதில் அவருக்கு என்ன தடை என்று கேட்டுப் பாருங்கள்.